புகையேரியின் ரப்பர் வளைவு

புகையேரிக்குப் போய்வந்தவர்கள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. திறக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது. சொல்வதற்கு அவர்களிடம் ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான்.

மலைமேல் பஸ் போகிற கடைசி இடம் காவல்முனை. அங்கே ஒரு சோதனைச் சாவடி, ஒரு பெஞ்சு, ஒரு டீக்கடை. சாவடிக்கு அந்தப் பக்கம் தேசிய வனம், வனத்துக்கு நடுவே ஏரி. ஒரு காலத்தில் மற்ற மலைச் சாவடிகளைப் போல இங்கேயும் பிளாஸ்டிக் பாட்டிலைத்தான் பிடுங்கி வைத்தார்கள். பாட்டில் நின்றது, ஆள் நிற்கவில்லை. ஒருவன் வந்து படம் எடுத்துப் போட்டால் அதைப் பார்த்துவிட்டு ஒரு பஸ் கூட்டம் வந்தது. குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடுகிறது என்று யாரோ கிளப்பிவிட, உறைந்த ஏரியில் நடக்கலாம் என்று வந்தவர்கள் அது உறையவில்லை என்பதை இடுப்பளவு ஆழத்தில் தெரிந்துகொண்டார்கள். நீர்நாய்கள் வேறு ஊர் பார்த்துப் போயின. ஏரியை மூடிவிடலாம் என்று வன இலாகா சொன்னது. பொதுச்சொத்தை மூட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. இரண்டு பேரும் சொல்லி முடித்த பிறகு ஒரு விஞ்ஞானி அம்மையார் வந்தார். ஆட்கள் வரட்டும், பார்க்கட்டும், பார்த்ததை மட்டும் இங்கேயே வைத்துவிட்டுப் போகட்டும் என்றார்.

அப்படி வந்ததுதான் அந்த வளைவு. பார்ப்பதற்குக் கல்யாண மண்டப வாசலில் வைக்கிற தகர வளைவு மாதிரி இருக்கும். பூ மட்டும் இல்லை. உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று. திறப்பு விழாவன்று அம்மையார் ஊழியர்களை நிற்க வைத்து விளக்கினார்.

"நம்ம மூளை எதைப் பார்த்தாலும் பேனாவால எழுதிடுது. உள்ளே நுழையறப்போ இந்த வளைவு பேனாவை வாங்கிட்டுப் பென்சிலைக் கொடுத்துடும். ஏரியில இருக்கிற வரைக்கும் எல்லாம் பென்சில் எழுத்துதான். வெளியே வரப்போ அந்த வளைவு ரப்பர். முன்னாடி பேனாவால எழுதினது ஒரு எழுத்துகூட அழியாது."

அப்புறம் வந்து என்னம்மா பிரயோசனம் என்று ஒருவர் கேட்டதற்கு, "நேத்து சாப்பிட்டது மறந்துபோச்சுன்னா வயிறு ஒட்டிக்குமா?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அவர் சொன்னது பொய்யில்லை. வெளியே வந்தவர்களுக்கு ஏரி ஞாபகம் இல்லாவிட்டாலும் முகம் கழுவிவிட்டது மாதிரி இருக்கும். தோள் இறங்கியிருக்கும். வீட்டுக்குப் போய் யாரையும் திட்டாமல் தூங்குவார்கள். அதற்காகவே மற்றவர்கள் வந்தார்கள். இதில் ஒரே தொல்லை, வெளியே வந்தவர்கள் மறுபடியும் போய் வரிசையில் நின்றார்கள். எப்போது உள்ளே விடுவீர்கள் என்று சண்டை போட்டார்கள். போய்விட்டு வந்துவிட்டீர்கள் என்று சொன்னால், எங்களை ஏமாற்றுகிறாயா என்றார்கள். வளைவை இயக்குகிற ஜெயசிங் அவர்களுடைய ஷூவைக் காட்டுவான். அதில் ஏரிச் சேறு ஒட்டியிருக்கும். தன் கால் போன இடத்துக்குத் தான் போகவில்லையே என்று பார்ப்பது போல அவர்கள் குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பார்கள். குழந்தைகளுக்கு மட்டும் அனுமதி இல்லை. அவர்கள் எழுதுவது பேனாவிலா பென்சிலிலா என்று அம்மையாருக்கே தெரியவில்லை.

வளைவுக்கு உள்ளே, ஏரிக்கரைத் தகரக் கொட்டகையில், வாட்சராக இருந்தவன் மாசிலாமணி. சொந்த ஊர் வத்தலக்குண்டு. கல்யாணம் தட்டித் தட்டிப் போனவன். அம்மாவும் தம்பி குடும்பமும் கீழே. முதல் வருடம் அவனும் மற்றவர்களைப் போலத்தான் உள்ளே போனான். பனிக்காலம் முழுக்க ஏரிக்கரையில் இருந்துவிட்டு வெளியே வந்தான். வளைவைத் தாண்டி நின்று பார்த்தால் தாடி நெஞ்சுவரை தொங்கிற்று. இடது முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு. யாரோ நல்ல கைக்காரர் தையல் போட்டிருந்தார். எதில் கிழித்தது, யார் தைத்தது, வலித்ததா, ஒன்றும் தெரியவில்லை. ஜெயசிங்கைக் கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை, அவன் வெளியாள்.

அந்தத் தழும்பு அவனை என்னவோ செய்துவிட்டது. வலியைப் பட்டவன் ஒருவன், தழும்பு வாங்கினவன் இன்னொருவன் என்று யோசித்தான். ஒரு பனிக்காலம் முழுக்க ஒருவன் உள்ளே இருந்து, குளிர் காய்ந்து, சமைத்துத் தின்று, ரத்தம் சிந்தி, வளைவுக்கு அடியில் வந்து செத்துப்போயிருக்கிறான். அவனுக்குக் காரியம் செய்யக்கூட ஆளில்லை. அவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு நான் நிற்கிறேன்.

அடுத்த வருடம் உள்ளே போனவன் திரும்பவில்லை. விடுப்பு வேண்டாம் என்றான். வருடம் முழுக்க இருக்க ஆள் கிடைத்ததில் இலாகாவுக்குச் சந்தோஷம். வளைவு வழியாக வராமல் இறங்கக் குறுக்குவழி ஒன்றும் இருந்தது. தெற்கே பாறை விளிம்பில் ஓர் எட்டு எடுத்து வைத்தால் நேராகத் தேனி மாவட்டம். போன ஒரு காட்டாடு திரும்பி வந்து வழி நன்றாயிருந்ததா என்று சொல்லவில்லை.

புகையேரியின் குளிர் வேறு மாதிரி. விடிகாலையில் புல்வெளி முழுக்க உப்பு கொட்டினது போல் உறைபனி கிடக்கும். வெயில் பட்டதும் ஏரி புகையும். ஒரு ஊரே அடுப்பு பற்ற வைத்த மாதிரி புகையும், ஆனால் சோறு வாசனை வராது. அதுதான் அந்த இடத்தின் கஷ்டம். தேங்காய் எண்ணெயைச் சட்டியில் வெட்டித்தான் போட வேண்டும். குளித்தால் துவட்டுவதற்குள் துண்டு விறைத்துச் சுவரில் தானாகச் சாய்ந்து நிற்கும். ஒருநாள் மூடுபனியில் வேலிப்படல் என்று நினைத்து ஒரு காட்டெருமையின் மேல் துணி காயப் போட்டுவிட்டான். அது நல்ல எருமை. காய்கிற வரைக்கும் அசையாமல் நின்றது. சோலை ஓரத்துக் காட்டுப் பூவரசுகள் அந்தப் பனியிலும் சிவப்பாய்ப் பூக்கும், யாரும் பார்க்காவிட்டாலும் பூக்கும். பார்த்தவர்களும் பார்க்காதவர்களும் அவற்றுக்கு ஒன்றுதான்.

பார்வையாளர்கள் பனிக்காலத்தில் மட்டும், பகலில் மட்டும் வருவார்கள். அவர்களுக்கு அவன் ஏரியைச் சுற்றிக் காட்டுவான், பேசுவான், சிரிக்க வைப்பான். நாலு மணிக்கு அவர்கள் போய்விடுவார்கள். வளைவைத் தாண்டியதும் அவன் உலகத்தில் யாருக்கும் தெரியாத ஆளாகிவிடுவான். ஊரெல்லாம் அறிந்த மனிதனாக ஒரு பகல், யாருமே அறியாத மனிதனாக ஒரு ராத்திரி என்று வருடங்கள் போயின.

இரண்டாவது பனிக்காலத்தில் அவன் அம்மா வந்தாள். தூக்குச்சட்டியில் கருவாட்டுக் குழம்போடு வந்தாள். புகையேரிக்கு வந்த இத்தனை பேரில் ஏரிக்கு முதுகு காட்டி உட்கார்ந்த ஒரே ஆள் அவள்தான். பகல் முழுக்க மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இளைத்துவிட்டாய் என்றாள். குழம்பை அவன் வழித்துத் தின்கிறவரை பக்கத்திலேயே இருந்தாள். கீழே வந்துவிடச் சொன்னாள். மறந்துபோகும் ஆத்தா என்றான் அவன்.

"மறந்தா மறக்கட்டும்டா. நீ எனக்கு ஞாபகம் இருக்கேல்ல."

அடுத்த வருடம் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினான். சாயங்காலம் வாக்கி-டாக்கி கரகரத்தது. ஜெயசிங்தான்.

"மாசி, உங்க ஆத்தா பெஞ்சுல உக்காந்துருக்கு. மகனை எப்பப் பாக்க விடுவீங்கன்னு கேக்குது. பாத்துட்டீங்கன்னு சொன்னேன், நம்ப மாட்டேங்குது. சட்டி காலியா இருக்கே, யாருடா தின்னதுன்னு என்னைய மொறைக்குது. என்ன சொல்லட்டும்? ஓவர்."

டூட்டியில் இருக்கிறான் என்று சொல்லச் சொன்னான். கடைசி பஸ் வருகிறவரை அவள் பெஞ்சில் காத்திருந்தாளாம். அப்புறம் அவள் வரவில்லை. வந்தும் பார்க்கவிடாத இடத்துக்கு எதற்கு வருவது.

அதற்குப் பின் வந்த மழைக்காலத்தில் வளைவுமேல் ஒரு மின்னல் இறங்கியது. கொட்டகையிலிருந்தே பார்த்தான். மரங்கள் எல்லாம் ஒரு கணம் வெள்ளையாக நின்றன. மறுநாள் ஜெயசிங், விளக்கெல்லாம் எரிகிறது, ஒன்றும் ஆகவில்லை என்றான். அந்தப் பனிக்காலமும் ஆட்கள் வந்தார்கள், வெளியே போய் முழித்தார்கள்.

அம்மா செத்த செய்தியும் வாக்கியில்தான் வந்தது. மின்னல் விழுந்து இரண்டு பனிக்காலம் போயிருந்தது. ஜெயசிங் சொல்லிவிட்டுக் காத்திருந்தான். மாசிலாமணி ஏரியைப் பார்த்தான். இப்போது வளைவைத் தாண்டினால் அம்மா செத்ததே அழிந்துபோகும். அவள் வந்த அந்தப் பகலும் அழிந்துபோகும். வீட்டு வாசலில் போய் நின்று, ஏன் கூட்டமாக இருக்கிறது, ஆத்தா எங்கே என்று கேட்பேன். யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அழத் தெரியாதவன் போல் நிற்பேன். "சரி. ஓவர்," என்றான். போகவில்லை. தம்பி கொள்ளி வைத்தான்.

திலகவதி வந்தது மின்னலுக்கு அடுத்த பனிக்காலத்தில். விருதுநகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கல்யாணம் ஆகி, அது ஒத்துவராமல், தனியே இருந்தாள். கந்தகமும் வெயிலும் தவிர வேறு ஒன்றும் இல்லாத ஊரிலிருந்து வந்தவள் என்பதால் உறைபனியைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தாள். யார் கையிலும் ரத்தக்குழாயை ஒரே தடவையில் பிடித்துவிடுவேன் என்றாள். சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான் என்று நாள் முழுக்க ஆட்களிடம் பொய் சொல்வதுதான் தன் தொழில் என்றாள். மாசிலாமணி எருமைக் கதையைச் சொன்னான். அவள் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள். அவள் போன பிறகு ஏரி பெரிதாகிவிட்டது போல் இருந்தது.

அடுத்த பனிக்காலம் மறுபடி வந்தாள். புது ஆள் மாதிரிப் பெயர் சொன்னாள், ஊர் சொன்னாள். நீ போன வருடமும் வந்தாய் என்று சொல்ல வாய் வந்தது. பயந்துவிடுவாள் என்று விழுங்கினான். எருமைக் கதையை மறுபடி சொன்னான். அதே இடத்தில் சிரித்தாள். அப்படியே ஒவ்வொரு வருடமும். தை பிறந்ததும் அவளுக்கு எங்கிருந்தோ தோன்றும் போலிருக்கிறது, பஸ் ஏறிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டான். வருடத்தில் ஒரு பகல். அவளுக்கு எப்போதும் முதல் பகல், அவனுக்கு மட்டும் அது கூடிக்கொண்டே போனது. அவளுடைய கோபம், அவள் தேநீரை ஆற்றாமல் குடிப்பது, முன்னந்தலையில் நரை இறங்கியது எல்லாம் அவனிடம் இருந்தன. அவளிடம் அவன் இல்லை. இதற்குப் பெயர் என்னவென்று அவன் யாரிடமும் கேட்கவில்லை, கேட்க யாரும் இல்லை.

இந்தப் பனிக்காலம் இலாகாவின் உத்தரவு வந்தது. வயதாகிவிட்டது, பணி முடிகிறது. அவனுக்குப் பதில் ஏரிக்கரையில் ஒரு காமிராக் கம்பம் நட்டாகிவிட்டது. அது சோறு கேட்காது, கதை சொல்லாது. தை மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம், இறங்கித்தான் ஆக வேண்டும். மாசிலாமணி தினமும் பஸ் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடினான். அவள் வந்த பிறகு இறங்கலாம். எப்படியும் வளைவுக்கு அடியில் சாகப்போகிற ஆள், ஒருத்தியைப் பார்த்துவிட்டுச் சாகட்டுமே.

அவள் வந்தாள். பெயர் சொன்னாள், ஊர் சொன்னாள். கரையோரம் நடந்தார்கள். நீர்நாய்க் குடும்பம் ஒன்று திரும்ப வந்திருந்ததைக் காட்டினான். எருமைக் கதையைச் சொன்னான். கடைசித் தடவை என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னான். இந்த முறை எருமை காய்ந்த கோமணத்தைக் கொட்டகை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிற்று. பிறகு, பேச்சோடு பேச்சாக, நான் இந்த மாதத்தோடு இறங்குகிறேன், வளைவைத் தாண்டினால் இந்த ஏரியே எனக்குத் தெரியாது, உங்களையும் தெரியாது என்று சொல்லிச் சிரித்தான்.

திலகவதி சிரிக்கவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்தாள்.

"மொதல்ல அது துண்டுதான்," என்றாள்.

"எது?"

"எருமை மேல காயப்போட்டது. மொத வருசம் துண்டு. அப்புறம் வேட்டி ஆச்சு. கோமணம் வந்தே மூணு வருசந்தான் ஆகுது. இன்னிக்கு அது டெலிவரி வேற பண்ணுது."

ஏரி புகைந்துகொண்டிருந்தது.

"மொத தடவை வந்தப்ப உங்கள அண்ணேன்னு கூப்ட்டேன்," என்றாள் அவள். முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "மொத தடவை பாக்குற ஆம்பளைய வேற எப்படிக் கூப்பிடுவாங்க. அடுத்த வருசத்துல இருந்து ஒரு தடவையாச்சும் கூப்ட்டேனா? அதைக்கூடக் கவனிக்கல நீங்க."

அவன் மெல்லப் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தான். அவள் சொன்னாள். முதல் வருடம் வளைவைத் தாண்டினபோது எல்லாம் அப்படியே ஞாபகம் இருந்தது. சுற்றிலும் பார்த்தால் எல்லாரும் முழித்துக்கொண்டு நின்றார்கள். தன் மூளையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். சொன்னால் பிடித்துவைத்துப் பரிசோதனை செய்வார்கள். பரிசோதனை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும், அவளே செய்கிறவள். அதனால் அவளும் முழித்தாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"நீங்க இலாகா ஆளு. மொத ரெண்டு வருசம் அந்தப் பயம். அப்புறம் பயம் இல்ல." ஒரு கூழாங்கல்லைத் தண்ணீரில் போட்டாள். "விருதுநகர்ல என்னைய எல்லாருக்கும் தெரியும். என் கதை பூராவும் தெரியும். பேரு சொன்னாலே பாவம்னு ஒரு மூஞ்சி வச்சுக்குவாங்க. இங்க வருசத்துல ஒரு நாள் நான் புது ஆளு. நீங்களும் அவ்வளவு ஆசையா மொதல்ல இருந்து ஆரம்பிப்பீங்க. அதைப் போய்க் கெடுப்பாங்களா?"

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோதே வேறு ஒன்று பிடிபட்டது. இத்தனை வருடமாக முதல் தடவை வந்ததாகச் சொன்னவர்களில் பாதிப் பேர் கழிப்பறை எங்கே என்று கேட்டதில்லை. நேராகப் போனார்கள். திண்டுக்கல் பல் டாக்டர் ஒருவர் இறங்கினதும் நீர்நாய்ப் பாறைக்குத்தான் நடப்பார். வளைவைச் சோதிக்க வந்த அதிகாரி வெளியே போய், எதுவும் ஞாபகமில்லை, அருமை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடம் மனைவியோடு வந்து, காட்டுப் பூவரசு எப்போது பூக்கும் என்று கேட்டார். யாருக்கும் அழியவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் அழியவில்லை என்று நினைத்து, பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்து முழித்திருக்கிறார்கள். அவன் இவனைப் பார்த்து முழித்திருக்கிறான். யாரும் யாரிடமும் சொல்லாததால் ஏரியும் பிழைத்துக்கொண்டது.

"மின்னல்," என்றான். அதைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

மின்னல் விழுந்த பிறகுதான் அம்மா செத்தாள்.

திலகவதிக்கு அவன் சொல்ல வேண்டியிருந்தது. கருவாட்டுக் குழம்பு, பெஞ்சு, வாக்கி, "சரி, ஓவர்." யாரிடமும் சொல்லிப் பழகாததால் முன்னுக்குப் பின்னாக வந்தது. அவள் உங்களுக்குத் தெரியாதுல்ல என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். அது போதவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. அந்தத் தகரத்துக்குப் பயந்துதான் அவன் போகவில்லை. தகரம் அப்போதே செத்துக் கிடந்திருக்கிறது.

"வாங்க, போலாம்," என்றாள் அவள். "இன்னிக்கே எங்கூட எறங்குங்க. அது வேலை செய்யலன்னுதான் தெரிஞ்சுபோச்சே."

"உள்ள போற வளைவு செத்துப்போச்சுன்னுதான் தெரியும். நீங்கல்லாம் மின்னலுக்கு அப்புறம் வந்தவங்க, கையில பேனாவோட வந்தீங்க. பேனா எழுத்தை ரப்பர் அழிக்காது. நான் அதுக்கு முந்தி வந்தவன். எனக்குப் பென்சில். ரப்பர் உசுரோட இருக்கான்னு பாக்கணும்னா என்னைய வச்சுத்தான் பாக்கணும்."

அவள் அதை யோசித்தாள். பிறகு, ஒருவேளை அழிந்துவிட்டால் பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னாள். துண்டிலிருந்து ஆரம்பித்து.

"எல்லாத்தையும் சொல்லுங்க. ஆத்தா செத்து நான் போகாததை மட்டும் விட்டுருங்க."

"ஊசி வலிக்காதுன்னுதான் பொய் சொல்லுவேன். ரிசல்ட்டை நாங்க மாத்திச் சொல்றதில்ல."

நாலு மணிக்கு வரிசையில் நின்றார்கள். அவனிடம் ஒரு பை இருந்தது. மேலே ஏறும்போது பயந்துகொண்டு ஏறினவன், இத்தனை வருடமும் அந்தத் தகரத்தைக் கனவில் கண்டு வேர்த்தவன், இப்போது அதைப் பார்த்து வேண்டிக்கொண்டான். வேலை செய். இன்றைக்கு ஒருநாள் வேலை செய். மின்னல் உள்ளே போகிற வளைவோடு நின்றிருக்கட்டும். இவளை நான் மறுபடி சேர்த்துக்கொள்வேன், அவளிடமே கேட்டுச் சேர்த்துக்கொள்வேன். ஆத்தா செத்து நான் போகாததை மட்டும் எடுத்துக்கொள்.

முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டி அந்தப் பக்கம் நின்று முழித்தார்கள். தெரிந்துகொண்டு பார்த்தால் எல்லாரும் ரொம்ப மோசமான நடிகர்கள். ஒரு கனத்த ஆள் நான் யார் என்றே கேட்டார், அவ்வளவு தேவையில்லை. திலகவதி தாண்டினாள். திரும்பிப் பார்க்காமல் போய்ப் பஸ்ஸில் ஏறினாள். அவன் அடி எடுத்து வைத்தான். தகரத்திலிருந்து உருகின பனி ஒரு சொட்டு பிடரியில் விழுந்தது. தாண்டினான்.

சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பது போல் உள்ளே தடவிப் பார்த்தான். ஏரி இருந்தது. எருமை இருந்தது. அவள் இருந்தாள். ஏரிக்கு முதுகு காட்டிக்கொண்டு அம்மா இருந்தாள். ஒன்றும் குறையவில்லை.

ஜெயசிங்குக்கு முடி கொட்டியிருந்தது. குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததில் அது தெரியவில்லை. அவன் மாசிலாமணியின் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தான். டீ வாங்கிக் கொடுத்தான். கொஞ்சம் குடிக்கச் சொன்னான். ரொம்ப நாளாக இதற்குத் தயாராக இருந்திருக்கிறான் என்பது தெரிந்தது.

"மாசி, உனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. பதறாம கேளு. நீ உள்ள போயி ரொம்ப வருசம் ஆச்சு. நடுவுல உங்க ஆத்தா தவறிருச்சுப்பா." பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தான். "அப்பவே நான் வாக்கியில சொன்னேன். நீ சரின்னு மட்டும் சொன்ன. மூஞ்சியப் பாக்காம அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ரொம்ப நாள் எனக்கு அது ஒரு மாதிரியாவே இருந்துச்சு. இப்ப நேருல சொல்றேன்."

முதல் தடவை கேட்கிறவன் எப்படிக் கேட்பான் என்று மாசிலாமணி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தான். ஏரிக்கரையில் வராதது, இத்தனை பனிக்காலம் உறைந்து கிடந்தது, டீக்கடை வாசலில், ஆட்களுக்கு நடுவே வந்தது. ஜெயசிங் தோளைப் பிடித்துக்கொண்டான். டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நின்றார். வரிசையில் முழித்துக்கொண்டிருந்தவர்கள் முழிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். சாவு வீட்டில் நிற்பது போல நின்றார்கள்.

பஸ் ஜன்னல் வழியாகத் திலகவதியும் பார்த்தாள். அவ்வளவு நன்றாக அழ யாருக்கும் நடிப்பு வராது என்று அவளுக்குத் தெரியும். போயிற்று, எல்லாம் அழிந்துபோயிற்று என்று முடிவு கட்டினாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினபோது பஸ்ஸில் பல இடம் காலியாக இருந்தது. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு, எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று புது ஆளிடம் கேட்பது போலக் கேட்டாள். வத்தலக்குண்டு என்றான். வீட்டில் துக்கம் என்றான். உங்கள் பெயர் என்று கேட்டான். சொன்னாள். நல்ல பெயர் என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருடம் தன்னை ஏமாற்றினவளைக் கொஞ்ச தூரமாவது ஏமாற்றலாம் என்று பார்த்தான். முதல் கொண்டை ஊசி வளைவு வரைக்கும்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

"ஒரு நாள் எங்கூட எறங்கி, ஆத்தாவ எரிச்ச எடத்தைப் பாத்துட்டுப் போறீங்களா?" என்றான். "விருதுநகருக்கு அங்கேருந்து நெறைய பஸ் இருக்கு."

பஸ்ஸில் தன் ஊர்ப் பெயரை அவள் சொல்லியிருக்கவில்லை. திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவனிடம் கொடுத்தாள். பஸ் இறங்க இறங்கக் காதடைத்தது. கீழே வெயில் தெரிந்தது.